90,000 கொடுத்தேன், ஒன்பது வேலைகள் வந்தன: உள்ளூர் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவோர் கவனத்திற்கு

இன்று காலை ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. நான்காவது மாதத்துக்கான 30,000-ஐ வெள்ளிக்கிழமைக்குள் செலுத்தினால் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்று, கடந்த பதினெட்டு நாள்களாக என் கேள்வி ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாத, கூகுள் தேடலில் என் விளம்பரங்களை நடத்திவந்த அதே டிஜிட்டல் விளம்பர நிறுவனம் அதை அனுப்பியிருந்தது. ஏற்கெனவே 90,000-ஐ அவர்களிடம் இழந்துவிட்ட எனக்கு அதைப் படித்ததும் கை நடுங்கியது. அந்த நடுக்கம் அடங்கும் முன்பே இதை எழுதுகிறேன். சிறு சேவைத் தொழில் நடத்தும் ஒருவராவது இதைப் படித்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு நாள் பொறுக்கட்டும். விளம்பரப் பணத்தை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதையும் இறுதியில் எழுதுகிறேன்.

நான் ஏ.சி., வாஷிங் மெஷின் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். என்னிடம் இரண்டு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இதுவரை பழைய வாடிக்கையாளர்கள் அடுத்தவரிடம் சொல்லித்தான் வேலை வந்துகொண்டிருந்தது. வெயில் காலத்துக்கு முன்பாகப் புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, ஓராண்டு முழுவதற்குமான விளம்பரச் செலவு என்று சிறுகச் சிறுக எடுத்து வைத்த பணம்தான் அந்த 90,000.

என்னை நம்ப வைத்தது எது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பசப்பு வார்த்தை அன்று. அந்த நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர், மற்றவர்களைப் போல 'ஆயிரக்கணக்கானோர் உங்கள் விளம்பரத்தைப் பார்ப்பார்கள்' என்று தொடங்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, வேலைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், உதிரி பாகமும் சம்பளமும் போக ஒரு வேலைக்கு உங்கள் கையில் என்ன நிற்கும்?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் விளம்பரம் விற்க வந்த எவரும் கேட்காத கேள்வி அது. சராசரியாக 1,200 நிற்கும் என்றேன். அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 400-ஐ, ஒரு புதிய வேலையைப் பெறுவதற்காகச் செலவிடலாம் என்றார். அழைக்கும் ஐந்து பேரில் இரண்டு பேர் வேலை கொடுப்பார்கள் என்று என் பதிவேட்டைக் கொண்டே காட்டி, அப்படியானால் ஓர் அழைப்புக்கு 160 வரை கொடுத்தால் கட்டுப்படியாகும் என்று தாளில் எழுதினார். மாதம் 30,000 என்றால் 75 வேலைகள். அந்த 75-ஐ வட்டமிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்தக் கணக்கில் தவறு இல்லை என்பதை இப்போதும் சொல்வேன். உள்ளூர் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் எவரும் அப்படித்தான் கணக்கிட வேண்டும். ஒரு வேலையில் மிஞ்சும் தொகையிலிருந்து பின்னோக்கி வர வேண்டுமே தவிர, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. ஆனால் சரியான கணக்கைப் போடத் தெரிந்தவர் நாணயமாக நடப்பார் என்று நான் எடுத்துக்கொண்டேனே, அங்கேதான் விழுந்தேன். என் இரண்டு மெக்கானிக்குகள் நாளுக்கு மூன்று வேலைகள் வீதம் மாதத்தில் 150 வேலைகளுக்கு மேல் செய்ய முடியாது, அதில் 80 ஏற்கெனவே இருக்கின்றன, எனவே 75 புதிய வேலைகள் வந்தாலும் என்னால் முழுமையாகச் செய்து கொடுக்க இயலாது என்பதைக்கூட அந்த வட்டத்தைப் பார்த்த மயக்கத்தில் நான் யோசிக்கவில்லை. மூன்று மாதத் தொகையை ஒன்றாகக் கொடுத்தால் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது, 90,000 முழுவதும் விளம்பரத்துக்கே போகும் என்றார். ஒப்பந்தத்தில் 'விளம்பரம் மற்றும் அது சார்ந்த சேவைகள்' என்று இருந்தது. அந்தக் கடைசி மூன்று சொற்களை நான் நிறுத்திப் படிக்கவில்லை.

முதல் மாதத்தில் எட்டு அழைப்புகள் வந்தன. கேட்டபோது, இது கற்றல் காலம், விளம்பர முறைமை உங்கள் வாடிக்கையாளர்களைப் புரிந்துகொள்ள நாளாகும் என்றார்கள். இரண்டாவது மாதத்தில், பருவம் இன்னும் தொடங்கவில்லை என்றார்கள். வெயில் தொடங்கிய பிறகு, போட்டி கூடிவிட்டது என்றார்கள். அந்த இளைஞர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார் என்ற தகவல் வந்தது. அவருக்குப் பதிலாக வந்தவர், என் விளம்பரம் பல்லாயிரம் பேருக்குக் காட்டப்பட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, பெயர் மக்கள் மனத்தில் பதிந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார். தண்ணீர் ஒழுகும் ஏ.சி.க்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு தேடுபவருக்கு இப்போதே கூப்பிட ஓர் எண் தேவையே ஒழிய, என் பெயர் மனத்தில் பதிவதால் என்ன பயன்? அழைப்புகளின் பட்டியலைக் கேட்டேன். மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்ற பதிலே மூன்று முறை வந்தது.

பிடிவாதமாக நேரில் போனபோது, ஐந்து நிமிடம் மட்டும் கணினித் திரையைக் காட்டினார்கள். உடன் வந்திருந்த என் தங்கை மகளுக்கு இந்த வேலை ஓரளவு தெரியும். மக்கள் உண்மையில் எதைத் தேடியபோது என் விளம்பரம் வந்தது என்ற அறிக்கையைத் திறக்கச் சொன்னாள். 'ஏ.சி. மெக்கானிக் வேலை வாய்ப்பு', 'ஏ.சி. ரிப்பேர் பயிற்சி வகுப்பு', 'ஏ.சி. ரிமோட் விலை' என்று வரிசையாக வந்தன. கீவேர்டுகளை, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று குறிக்கும் சொற்களை, ஓரளவு தொடர்புடைய எதைத் தேடினாலும் விளம்பரம் வரும்படி மிகப் பரந்த பொருத்தத்தில் விட்டிருந்தார்கள். 'வேலை', 'பயிற்சி', 'விலை' போன்ற சொற்களோடு தேடினால் விளம்பரம் வராதபடி விலக்கும் பட்டியலில் ஒரு சொல்கூட இல்லை. என் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி அமைக்காமல், அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டியவர்கள் என்று எங்கோ இருப்பவர்களுக்கும் காட்டியிருந்தார்கள். வேலை தேடிய யாரோ ஓர் இளைஞன் சொடுக்கிய ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் என்னுடையது.

அதைவிடக் கொடுமை, நாள் பட்ஜெட் என்ற இடத்தில் 340 என்று இருந்தது. கூகுள் விளம்பரத்தில் ஒரு நாளில் அந்த அளவைப் போல இரண்டு மடங்கு வரை செலவாகக்கூடும் என்றாலும், மாத மொத்தம் நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 10,336. மூன்று மாதங்களுக்கு ஏறத்தாழ 31,000. நான் கொடுத்தது 90,000. மீதி 59,000 எங்கே என்று கேட்டேன். மேலாண்மை, வடிவமைப்பு, ஆலோசனை, எல்லாம் 'அது சார்ந்த சேவைகள்' என்று ஒப்பந்தத்தை என் முன் நகர்த்தினார்கள்.

மூன்று மாதங்களில் வந்த அழைப்புகள் 26. கிடைத்த வேலைகள் ஒன்பது. 90,000-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்: 1,200 மிஞ்சும் ஒரு வேலையைப் பெற நான் 10,000 கொடுத்திருக்கிறேன்.

விளம்பரக் கணக்கையாவது என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றதற்கு, அது எங்கள் உடைமை என்று பதில் வந்தது. பிறருக்காகக் கூகுள் விளம்பரங்களை நிர்வகிப்போர், செலவு, கிளிக், இம்ப்ரெஷன் (விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது) ஆகிய மூன்றையாவது வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும், நிர்வாகக் கட்டணம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்று கூகுளின் விதிகளிலேயே இருக்கிறது என்பதை வீடு வந்த பிறகு படித்தேன். அதைக் குறிப்பிட்டு எழுதினேன். செய்தியைப் படித்ததற்கான நீல நிறக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. அன்றிலிருந்துதான் இந்தப் பதினெட்டு நாள்கள்.

பணத்தையாவது மீண்டும் உழைத்துச் சேர்த்துவிடுவேன். கூகுள் வரைபடத்தில் தெரியும் என் தொழில் பக்கத்தை, 'நாங்களே சரிபார்த்துத் தருகிறோம்' என்று சொல்லி அவர்களுடைய மின்னஞ்சலிலேயே பதிந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் இலவசமானது. அதற்கு ஒரு காசும் வேண்டியதில்லை. என் பழைய வாடிக்கையாளர்கள் நான் கேட்டுக்கொண்டதற்காக மெனக்கெட்டு எழுதிய மதிப்புரைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. இப்போது என் தொழிலின் பக்கத்தில் என் தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டுமானாலும் அவர்கள் தயவு வேண்டும். உரிமையை மாற்றக் கோரி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

திட்டமிடுவது பற்றி எழுதுவதாகச் சொன்னேன்; இப்போது விரிவாக எழுத எனக்கு மனநிலை இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். விளம்பரக் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கி அட்டையில் நீங்களே திறந்து, அவர்களுக்கு நிர்வகிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். விளம்பரத் தளத்துக்குப் போகும் பணமும் அவர்களுடைய கூலியும் ஒப்பந்தத்தில் தனித்தனி எண்களாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நான்கு வாரம் சிறு தொகையில் ஓட்டி, வந்த அழைப்பு ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். தேடலில் உங்கள் விளம்பரத்துக்கு முதலிடம் உறுதி என்று எவராவது சொன்னால், அது ஒவ்வொரு தேடலின்போதும் விளம்பரதாரர்களுக்கிடையே நடக்கும் ஏலத்தில் முடிவாகும் இடம், அப்படி யாரும் உறுதி கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மக்கள் எதைத் தேடியபோது விளம்பரம் வந்தது என்ற தேடல் அறிக்கையை வாரம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அன்றைக்கே விளம்பரத்தை நிறுத்துங்கள். வரைபடப் பக்கத்தின் முதன்மை உரிமையாளர் யார் என்பதை இன்றே, இதைப் படித்து முடித்தவுடனே திறந்து பாருங்கள்.