செயற்கை நுண்ணறிவு எழுதிய குரோஷே பேட்டர்ன்கள்: பணம் அனுப்பும் முன் ஓர் எச்சரிக்கை

சமூக ஊடக விளம்பரங்களைப் பார்த்துக் குரோஷே பேட்டர்ன் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னிப் பொருள் செய்வதற்கான செய்முறை) வாங்கும் வழக்கம் உள்ளவர்கள், அடுத்த முறை பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் தங்கை மகனின் முதல் பிறந்த நாளுக்கு ஒரு யானை பொம்மை போட்டுத் தரலாம் என்று, அப்படியொரு விளம்பரத்தில் கண்ட அமிகுருமி (நூலில் பின்னிப் பஞ்சு அடைக்கும் சிறு பொம்மை) பேட்டர்னை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பணம் போன சில நிமிடங்களில் பி.டி.எஃப். வந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்முறையை எவரும் ஒருமுறைகூட ஊசி பிடித்துப் போட்டுப் பார்த்ததில்லை என்பது நான்காம் சுற்றிலேயே தெரியத் தொடங்கியது.

பொம்மையின் தலை போன்ற உருண்டையான பாகங்களை, மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில்) 6 சிங்கிள் குரோஷே, அதாவது 6 அடிப்படைக் கண்ணிகள், போட்டுத் தொடங்கி, சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டி, 12, 18, 24 என்று வளர்த்துக்கொண்டு போவது வழக்கம். இந்தக் கோப்பிலும் 18 கண்ணிகள் வரும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. நான்காம் சுற்றில், ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்த கண்ணியில் இரண்டு, இதை ஆறு முறை செய்தால் மொத்தம் 24 என்று எழுதியிருந்தார்கள். முறைக்கு இரண்டு கண்ணிகள் வீதம் ஆறு முறைக்குக் கீழ்ச்சுற்றில் 12 கண்ணிகள்தான் தீரும். மீதி 6 கண்ணிகள் போடப்படாமல் அப்படியே நிற்கும். புதிதாக வந்தவையும் 18தானே தவிர 24 அல்ல. மீதியையும் அதே கணக்கில் போட்டு முடித்தால் 27 வரும். அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று நானே திருத்திக்கொண்டு மேலே போனால், தலையை மூடும் இடத்தில், கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே சுற்றில் 36-ஐ 12 ஆக்கச் சொல்கிறது. இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒரு சுற்றில் பாதியாக, அதாவது 18 ஆக, குறைக்கலாமே தவிர அதற்குக் கீழே இறங்க முடியாது.

இவற்றைவிட என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று. ஒரு வயதுக் குழந்தைக்கு ஏற்ற பொம்மை என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டு, கண்களுக்குச் சிறிய பொத்தான்களைத் தைக்கும்படி கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். எதையும் வாயில் வைக்கும் பருவத்தில் பொத்தான் கழன்று வந்தால் தொண்டையில் சிக்கும். அதனால்தான் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு நூலால் கண் தைத்துவிட வேண்டும் என்று, அனுபவம் உள்ள எந்த வடிவமைப்பாளரும் எழுதுவார். போதாக்குறைக்கு, மெல்லிய பருத்தி நூலுக்கு 8 மி.மீ. ஊசி என்று வேறு போட்டிருந்தது. அந்த அளவு ஊசியில் போட்டால் இடைவெளி விழுந்து, உள்ளே அடைத்த பஞ்சு அத்தனையும் வெளியே தெரியும்.

அதன் பிறகு விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யானையின் காதில் பின்னலூசியில் போடும் ஸ்வெட்டர் பின்னல் ஓடுகிறது, உடலில் குரோஷே கண்ணிகள் இருக்கின்றன, நெற்றியிலோ கண்ணிகள் எந்த வரிசையிலும் சேராமல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகின்றன. உண்மையில் போட்ட பொம்மையில் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டால் சுற்று முழுவதும் விரலால் தொடர்ந்து வர முடியும். இந்தப் படமும் செய்முறையும் செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கியவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விற்பனையாளரிடம் பிழைகளைச் சுட்டிக்காட்டியபோது, பேட்டர்ன் சரியாகத்தான் இருக்கிறது, புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சிரமமாகத்தான் இருக்கும் என்று பதில் வந்தது. நான் பள்ளி நாட்களிலிருந்து குரோஷே போடுகிறவள். போட்டு முடித்த பொம்மையின் அடிப்பக்கத்தை ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். உடனே என்னை பிளாக் செய்துவிட்டார்கள். மாதக்கணக்கில் போட்டுப் போட்டுப் பிரித்து, கண்ணி கண்ணியாகச் சரிபார்த்து, பிறரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே பேட்டர்னை விற்கும் உண்மையான வடிவமைப்பாளர்களின் பிழைப்பில் இவர்கள் மண் போடுகிறார்கள் என்பதே என் பெரிய வருத்தம்.

வாங்கும் முன், பாதி போட்ட நிலையிலும் பின்பக்கத்திலும் எடுத்த படங்கள் இருக்கின்றனவா, வாங்கியவர்கள் தாங்களே போட்ட பொம்மையைப் படமெடுத்துப் பகிர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்க முறையா, பிரிட்டன் முறையா என்று கேளுங்கள். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள் என்பதால், தானே போட்டு எழுதியவருக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும். ஏமாந்துவிட்டால், பணம் அனுப்பிய ரசீது, விளம்பரப் படம், உரையாடல் ஆகியவற்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தொகை சிறியதென்று விட்டுவிடாமல் நானும் பதிந்திருக்கிறேன்.

இதே யானைக் கோப்பை வாங்கிச் சிக்கிக்கொண்டவர்கள், நான்காம் சுற்றில் இரண்டு கண்ணிகளில் ஒவ்வொன்றும் மூன்றாவதில் இரண்டும் போட்டு, மூடும்போது சுற்றுக்கு 6 கண்ணிகள் வீதம் குறைத்துக்கொண்டு வந்தால் தலை மட்டும் தேறும். தும்பிக்கைக்கும் காதுகளுக்கும் அந்தக் கோப்பில் வழியே இல்லை. அவற்றுக்கு வேறு நல்ல பேட்டர்னைத்தான் தேட வேண்டும்.