உப்புக் காற்றுக்கு எந்த டார்ச் தாங்கும்? கடலுக்கும் சட்டைப் பைக்கும் ஒரு ஒப்பீடு

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடலோர வீட்டு அலமாரியைத் திறந்தாலும் செத்துப்போன டார்ச் இரண்டு மூன்று கிடக்கும். பல்பு போயிருக்காது. வால் மூடியைத் திருகிக் கழற்றினால் ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும், செல்லின் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும், மரையில் உப்பு இறுகியிருக்கும். மதுரையில் டார்ச் வாங்குகிறவர் வெளிச்சத்தைப் பார்த்து வாங்கலாம். நாம் உப்பையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

நமக்கு வேண்டியது இரண்டு வேலைக்கு. ஒன்று இரவு வேட்டை. இங்கே வேட்டை என்று நான் சொல்வது முழங்கால் தண்ணீரில் இறங்கி நண்டும் இறாலும் பிடிப்பதை. முயலுக்கும் கவுதாரிக்கும் லைட் அடித்துக்கொண்டு போவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு டார்ச் சொல்ல நான் ஆளில்லை. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் அதே சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. இரண்டாவது வேலை அன்றாடம்: கரண்ட் போனால் எடுக்க, கடைசி பஸ்ஸில் இறங்கி பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்கு நடக்க. கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும் என்பதால் இதைச் சின்ன வேலை என்று தள்ள முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை முதலில் பார்த்துவிடுவோம். லூமன் என்பது டார்ச் கக்கும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பது. நல்ல கம்பெனிகள் போடும் தூரக் கணக்கு எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். ஆனால் அந்த 200-வது மீட்டரில் விழுவது 0.25 லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அங்கே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. போட்டிருக்கும் தூரத்தில் பாதியை நம்பினால் போதும்.

இப்போது போட்டியாளர்களுக்கு வருவோம். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கக் கடைகளில் கேட்டவுடன் எடுத்து நீட்டப்படுவது ஜூம் டார்ச். தலையை முன்னே இழுத்தால் குவியும், உள்ளே தள்ளினால் விரியும். "அண்ணே, இது ஒரு லட்சம் லூமன்" என்பார்கள். காரில் இருக்கும் ஹாலஜன் ஹெட்லைட் பல்பே ஆயிரத்துச் சொச்சம் லூமன்தான் தரும், அப்புறம் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதன் பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தலையை இழுக்கும்போது உள்ளே காற்றை உறிஞ்சும். கை ஈரமாக இருந்தால் உப்புத் தண்ணீரும் கூடவே போகும். நகரும் பாகத்தில் ரப்பர் வளையம் போட்டாலும் மணல் ஏறி அறுத்துவிடும். வெளிச்சமும் கடலுக்கு ஒத்துவராது. முழுக்க இழுத்துத் தண்ணீரில் அடித்தால் எல்இடி சில்லின் சதுரப் படம் அப்படியே அடிமணலில் விழும், அந்தச் சதுரத்துக்கு வெளியே கும்மிருட்டு. நண்டு சதுரத்தை விட்டு ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் போச்சு. விலை குறைவு என்பதைத் தவிர இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் சார்ஜ் லைட் அப்படியில்லை. உடம்பு பிளாஸ்டிக் என்பதால் வெளியே அரிப்பு கிடையாது, நல்ல தூரமும் அடிக்கும். படகில் வைக்கவும் இறால் பண்ணையில் கரையைச் சுற்றி வரவும் அதுதான் சரி. ஆனால் விலை குறைந்தவற்றில் உள்ளே இருப்பது லெட்-ஆசிட் பேட்டரி. அதைக் காலியாக விட்டு வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜே ஏறாது. ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகோடு சேர்த்து இந்த லைட்டையும் மறந்தால், ஜூன் 15 அன்று கையில் இருப்பது வெறும் ஈயம்தான். மாதம் ஒரு தடவை சார்ஜ் போடும் பழக்கம் உள்ளவர் வாங்கலாம். தண்ணீரில் இறங்க இது வேண்டாம், கனம்.

அடுத்தது ஒரு 18650 செல் போடும் அலுமினியக் குழல் டார்ச். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் செல்லுக்கு அந்தப் பெயர். இதில் தலை நகராது. எல்லாம் மரையும் ரப்பர் வளையமும்தான். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும், ஐபிஎக்ஸ்8 என்றால் அதற்கும் மேலே. இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது என்பதை மறக்கக் கூடாது, உப்பு அரிப்பைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. ஆயிரம் லூமன் என்று போட்டவை சில நிமிடத்தில் சூடாகித் தானாகவே இறங்கிவிடும். அது பழுது கிடையாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வேட்டைக்கு 200, 300 லூமனில் நின்று மணிக்கணக்கில் எரிவதுதான் பயன்.

இதிலேயே இரண்டு கட்சி. யுஎஸ்பி சார்ஜ் ஓட்டை வைத்தது ஒன்று, ஓட்டையே இல்லாமல் செல்லை வெளியே எடுத்து சார்ஜ் போடுவது இன்னொன்று. ஊருக்குள் இருப்பவருக்கு முதலாவது வசதி. கடலில் இறங்குபவருக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். அந்த ஓட்டையை மூடும் ரப்பர் மூடிதான் முதலில் தளரும், ஒரு துளி உப்புத் தண்ணீர் உள்ளே போனால் முள் கறுத்துவிடும். கான்வாய் எஸ்2 பிளஸ் இந்த ஓட்டையில்லாத வகை. பிரிக்கவும் சேர்க்கவும் எளிது என்பதால் பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பிடித்தது. பக்கத்தில் மாட்டியிருக்கும் எஃகு கிளிப்பைக் கழற்றிவிடுவது நல்லது. அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் தின்னப்படும்.

தலையில் கட்டும் லைட்டுக்கும் கையில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர் எவரும் சொல்வதில்லை. வேட்டையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. இறாலின் கண் வந்த வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். அதனால் விளக்கு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது தெரியும். நெற்றியில் கட்டிக்கொண்டு கடல்புல் மேல் பார்வையை ஓட்டினால் ஆரஞ்சுச் சிவப்பில் இரண்டிரண்டாகப் பொட்டுகள் மின்னும், பொட்டு நகர்ந்தால் இறால் நகர்கிறது. அதே விளக்கைக் கழற்றி இடுப்பருகே பிடித்தால் அத்தனையும் அணைந்துபோகும். கை இரண்டும் வலைக்கு மிச்சம் என்பது கூடுதல் லாபம்.

நண்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். மணல் நிறத்தில் மணலோடு படுத்திருக்கும் நண்டை நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெற்றி வெளிச்சத்தில் நிழல் நண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கை டார்ச்சை இடுப்புக்குக் கீழே, பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஓட்டின் விளிம்பும் காலும் நிழலாக நீளும். கலங்கல் தண்ணீரிலும் இதே கதை: கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் வெளிச்சம் தூசியில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பும், வெள்ளைத் திரை போட்டதுபோல் இருக்கும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கிக் கிடக்கும்போது நெற்றி லைட் ஏறக்குறைய வீண். சோழகம் என்னும் தெற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளித்து, பாக் நீரிணை அடங்கித் தெளியும். அப்போது நெற்றி லைட்டுக்கு வேலை உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கை டார்ச் வாங்கி, அதை மாட்டுகிற மாதிரி ஒரு நெற்றிப் பட்டை தனியாக வாங்குங்கள். எந்த விளக்கானாலும் காலைத் தேய்த்துத் தேய்த்தே நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்த திருக்கை எந்த லூமனுக்கும் தெரியாது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் அதிகம் கிடைப்பது நீலம் கலந்த 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) வெள்ளை. பளிச்சென்று இருக்கும், ஆனால் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். 4000 முதல் 5000 வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஓலைக்கால் நண்டில் ஆண் நீலம், பெண் பழுப்புப் பச்சை. வயிற்றடியில் மஞ்சளும் ஆரஞ்சுமாக முட்டைக் கொத்து சுமந்திருக்கும் சினை நண்டைத் தூக்கிப் பார்க்காமலே அடையாளம் கண்டு விட்டுவிட, நிறம் சரியாகத் தெரிய வேண்டும். சிவப்பு வெளிச்சம் கூடவே இருந்தால் நல்லது. இருட்டுக்குப் பழக கண்ணுக்கு 20, 30 நிமிடம் ஆகும், வெள்ளையை ஒரு தடவை முகத்தில் அடித்தால் அத்தனையும் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் வருடத் தொடக்க மாதங்களில் ஆமை முட்டையிட ஏறும். அங்கே வெள்ளை டார்ச்சை அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து நிலத்துப் பக்கம் போய்விடும்.

ஜெனரேட்டர் வைத்து எல்இடி விளக்கால் மீனைக் கூட்டிப் பிடிப்பது 2017 முதல் மத்திய அரசின் தடையில் இருக்கிறது. இங்கே பேசுவது கைவிளக்கை மட்டும்.

சட்டைப் பைக்கு என்ன? போன் டார்ச் போதும் என்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் சாவி தேடப் போதும். பாதையில் நாலைந்து அடிக்கு மேல் அது விரிந்து கரைந்துவிடும், மழையில் நனைந்த திரையில் விரல் வழுக்கும். சின்ன 18650 டார்ச்சைப் பையில் வைக்கலாம்தான், ஆனால் வேட்டி மடிப்பில் கனக்கும். நான் சொல்வது ஒற்றைப் பென்சில் செல் டார்ச். 100, 150 லூமன், 50 மீட்டருக்குக் குறையாத தூரம், விரல் நீளம். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனை நோக்கி வந்து மன்னார் வளைகுடாவிலேயே நின்றதே, அப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. அப்போது பெட்டிக்கடையில் கிடைக்கும் செல்லைப் போட்டு எரிக்க முடிவது பெரிய விஷயம். ஆனால் சாதா செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து டார்ச்சைக் கொன்றுவிடும். அன்றாடத்துக்கு எனலூப் மாதிரியான 2000 எம்ஏஎச் (செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு) ரீசார்ஜ் செல்லைப் போட்டுவிட்டு, சாதா செல்லைப் பிரிக்காமல் டிராயரில் வையுங்கள்.

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் டார்ச் வாங்கி வரச் சொல்வது வழக்கம். உதிரி லித்தியம் செல்லை அவர்கள் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

எதை வாங்கினாலும் கடலிலிருந்து வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் முக்கி அலசுங்கள். துடைத்துக் காய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் சிலவகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

ஆக, கடலில் இறங்குபவருக்கு ஓட்டையில்லாத 18650 குழல் டார்ச்சும் நெற்றிப் பட்டையும், படகுக்கும் பண்ணைக்கும் பிளாஸ்டிக் சார்ஜ் லைட், பைக்குப் பென்சில் செல். 18650 வாங்கும்போது செல்லில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவில் நல்ல கம்பெனிச் செல்களே பெரும்பாலும் 3500 சொச்சத்தைத் தாண்டுவதில்லை. நல்ல செல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டி இருக்கும், பொய்ச் செல் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இளைத்திருக்கும். பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறினால் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.