க்ளோசப்புக்கு இரண்டாவது ப்ளாஷ்: கோடொக்ஸ் டிடி600 எப்படி?

க்ளோசப் எடுக்கிறவர்கள் பலரும் அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசில் முதலில் இரண்டாவது ப்ளாஷ் ஒன்று வாங்குங்கள் என்பேன். அதுவும் கமராவே பவரைக் கணக்கிடுகிற, விலை கூடின டிடிஎல் ப்ளாஷ் வேண்டாம், பவரை நாமே வைத்துக்கொள்கிற கோடொக்ஸ் டிடி600 தாராளமாகப் போதும்.

நம்ம மலைநாட்டு வெளிச்சம் அப்படி. தலவாக்கலை, லிந்துலைப் பக்கமெல்லாம் மத்தியானம் தாண்டி மூட்டம் இறங்கிவிட்டால் தேயிலைச் செடிக்கு அடியில் ஒரே இருட்டு. அங்கே ஒரு சிலந்தியை 1:1 அளவில், அதாவது சென்சரில் அதன் உண்மையான அளவிலேயே விழுகிற மாதிரி, லென்ஸ் துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கி எடுத்தாலும் கூர்மையாக விழுவது ஒரு மில்லிமீட்டர் சுமார்தான், உள்ளே வருகிற வெளிச்சமோ இன்னும் சின்னத் துவாரமான எஃப் 22 வைத்த அளவுக்குக் குறைந்துவிடும். ஆக ப்ளாஷ் இல்லாமல் கதையே இல்லை. ஆனால் ஒரே ப்ளாஷ் என்றால் பூச்சியின் ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் கரி, பகலில் எடுத்த படம் நடுச்சாமத்தில் எடுத்தது மாதிரி பின்னால் கறுப்பாக வரும். ப்ளாஷிலிருந்து பூச்சி 10 சென்டிமீட்டர், பின்னால் இருக்கிற இலை 30 சென்டிமீட்டர் என்றால் இலைக்குப் போய்ச் சேர்வது ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான். பவரைக் கூட்டிப் பார்த்தால் பூச்சி வெளுத்துப்போகும், இலை இருட்டாகவே இருக்கும்.

சரி, இரண்டாவதை எங்கே வைப்பது? பலர் எதிர்ப்பக்கம் அதே பவரில் வைக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. படம் சப்பையாகிவிடும், குதிக்கும் சிலந்தியின் பெரிய கண் ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரியும். பின்னால், கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் வையுங்கள். முன்னால் முழுப் பவரில் 1/16, பின்னால் 1/64, அதாவது நான்கில் ஒரு பங்காக, இரண்டு ஸ்டொப் குறைவாக வைத்துத் தொடங்கலாம். கொழுந்தை ஒருமுறை அப்படி எடுத்துப் பாருங்கள்: விரியாத மொட்டின் மேல் இருக்கிற பூனை முடி, முன்னாலிருந்து அடித்தால் கண்ணுக்கே தெரியாதது, வெள்ளிக் கம்பி மாதிரி ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும், பக்கத்து இலையின் நரம்பெல்லாம் பச்சையாக ஒளிவிடும். இதற்காகவே வாங்கலாம்.

டிடி600-இல் 1/1-இலிருந்து 1/128 வரை பவரைக் குறைக்கலாம். கடைசி அளவில் ஒளி 1/20000 செக்கனில் முடிந்துவிடுவதால் கை நடுக்கம், காற்றில் ஆடுகிற கிளை எதுவும் படத்தில் தெரியாது, அடுத்த படத்துக்கும் உடனே தயார். முதல் ப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து இது தானாக அடிப்பதற்கு இரண்டு முறை உண்டு: முதல் ப்ளாஷ் மனுவலில் (பவரை நாமே வைக்கிற முறையில்) இருந்தால் எஸ்1, டிடிஎல்லில் இருந்தால் எஸ்2. டிடிஎல்லுக்கு எஸ்1 வைத்தால், பவரை அளக்க முன்கூட்டி வருகிற சின்ன வெளிச்சத்துக்கே இது அடித்துவிடும். முன்பக்கச் சிவப்புத் தகடு முதல் ப்ளாஷைப் பார்க்கிற மாதிரி உடலைத் திருப்பி, தலையை மட்டும் பூச்சிப் பக்கம் வளையுங்கள். நிழலில் இது போதும். நல்ல வெயிலில் இதை நம்ப முடியாது, அப்புறம் எக்ஸ்2டி டிரிகர் வாங்கிக் கமராவில் பொருத்தினால் ரேடியோவிலேயே வேலை நடக்கும், ரிசீவர் ப்ளாஷுக்குள்ளேயே இருக்கிறது.

குறை என்றால் பருமன்தான். பெட்டரி போடாமலே 400 கிராம் அளவு, சின்ன பிராக்கெட்டில் மாட்டினால் தலை சாயும். கூட வருகிற தம்பி யாரிடமாவது கையில் கொடுத்துவிடுவதே லேசு, "இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்று சொல்லிச் சொல்லி எடுக்கலாம். மழைத் தூறலுக்கும் இது ஆகாது, பொலித்தீன் பை கட்டாயம். முன் ப்ளாஷுக்கு, ஒளியைப் பரப்பி மென்மையாக்குகிற டிஃப்யூசர் இல்லாமல் எடுக்கவே வேண்டாம், ஈர இலையிலும் வண்டின் ஓட்டிலும் வெள்ளைத் திட்டு விழும். டிரேசிங் தாள் இரண்டு மடிப்பு போதும்.

நான்கு டபுள் ஏ பெட்டரி போகும், சார்ஜ் பண்ணுகிற வகையையே வாங்குங்கள். நம்ம ஊர் ஈரத்தில் தொடுமுனை பச்சை பிடித்துவிடும், அதனால் எடுத்து முடித்ததும் பெட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ப்ளாஷை வையுங்கள்.