புங்க மரமும் காகித நுண்ணோக்கியும்: குழந்தைகளோடு சில வருஷங்கள்

மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. சென்னையில் குழந்தைகளுக்கான அறிவியல், இயற்கை நிகழ்ச்சி என்று கண்ணில் பட்ட பலவற்றுக்கும் இவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். காசு கட்டியதும் உண்டு, இலவசமும் உண்டு. எதில் சேர்க்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எங்கள் வீட்டில் எது ஒட்டியது என்று எழுதிவிடுகிறேன். நான் பார்ப்பது ஒன்றுதான்: நிகழ்ச்சி முடிந்த அடுத்த வாரம், நாம் சொல்லாமலே பிள்ளைகள் அதைத் திரும்பச் செய்கிறார்களா?

இந்தக் கணக்கில் கோடை முகாம்கள் பெரும்பாலும் தேறவில்லை. எந்த முகாமுக்குப் போனாலும் பேக்கிங் சோடா எரிமலை இருக்கும், ஸ்லைம் இருக்கும், கடைசி நாள் சான்றிதழும் வாட்ஸ்அப்பில் போட்டோவும் இருக்கும். ஏன் பொங்குகிறது என்று மகள் கேட்டதற்கு "ரியாக்‌ஷன்" என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். அதே சோடாவையும் வினிகரையும் வீட்டில் ஒரு ஆழமான சொம்பில் கலந்து, நுரை அடங்கிய பிறகு, திரவம் சிந்தாமல் சொம்பை மெழுகுவர்த்திச் சுடர் பக்கம் மெதுவாகச் சாய்த்தோம். சுடர் அணைந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தண்ணீர் மாதிரி ஊற்ற முடியும் என்பதில்தான் அவளுக்கு வியப்பு. கரியமில வாயு காற்றைவிடக் கனம் என்பது அப்புறம் தானாகப் புரிந்தது.

செலவே இல்லாமல் நன்றாக ஓடியது தீக்குச்சி விளையாட்டு. 1970களில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்தின்போது, பொம்மைகள் வழியாக அறிவியல் சொல்லித்தரும் அர்விந்த் குப்தா உருவாக்கியது. சைக்கிள் வால்வு டியூபைத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி வடிவங்கள் கட்ட வேண்டும். முக்கோணம் அசையாது, சதுரம் ஒரு தட்டில் சாய்ந்துவிடும். சாயாமல் இருக்கக் குறுக்கே குச்சி கொடுக்கப் பார்த்த மகனுக்குத் தீக்குச்சி நீளம் போதவில்லை. தென்னை ஈர்க்கை வெட்டி வெட்டி அளவு பார்த்தான். மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம் என்று பள்ளியில் சொல்லித்தர இன்னும் சில வருஷம் இருக்கிறது. வால்வு டியூப் மட்டும் இப்போது பழைய சைக்கிள் கடைகளில்தான் கிடைக்கிறது.

முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளைத் தேடிப் போகும் இரவு நடைக்கு வயது முக்கியம். சென்னையில் 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். விடிய விடிய நடந்தும் ஒரு ஆமைகூட வராமல் போகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு, மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போவதே மேல். குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது (சூடு கூடினால் பெண்), தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து அவை ஊர்ப்பக்கம் நகர்ந்துவிடும் என்பதையெல்லாம் அங்கேயே தன்னார்வலர்கள் சொல்கிறார்கள். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: செத்த ஆமைகளும் கிடக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், இழுவை வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். இதை விளக்கத் தயாராகப் போவது நல்லது.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். மைனா, காகம், கிளி என்று எங்கள் பட்டியல் சிறியதுதான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவதும்தான்.

எங்கள் வீட்டில் நின்று நிலைத்தது மரம் பார்ப்பது. மரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பொதுமக்களே பதியும் சீசன்வாட்ச் என்ற திட்டம், கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமாகச் சேர்ந்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிய வேண்டும். இரண்டு நிமிட வேலை. எங்கள் தெருமுனைப் புங்க மரத்தை எடுத்துக்கொண்டோம். முதல் சில மாதங்கள் சலிப்புதான், மறைக்க வேண்டியதில்லை. மாசி வாக்கில் இலை கொட்டி, திடீரென்று மரம் முழுக்கத் தளிர்விட்டு, அப்புறம் நடைபாதையில் பொரி சிந்தினாற்போலப் பூ கொட்டிய பிறகு பிள்ளைகளுக்குப் பிடி கிடைத்தது.

புங்க இலையில் பருப்பருவாக முடிச்சுகள் இருப்பதைக் கவனித்தது மகன். அப்போதுதான் ஃபோல்ட்ஸ்கோப் உபயோகத்துக்கு வந்தது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய காகித நுண்ணோக்கி அது, நாமே மடித்துக் கட்ட வேண்டும், 140 மடங்கு பெரிதாக்கும். கண்ணை லென்ஸுக்கு ஒட்டினாற்போல வைத்து, விரலால் நகர்த்தி ஃபோகஸ் பிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும், சின்னக் கைகளுக்கு நேரம் எடுக்கும். முதலில் உப்புப் படிகம், வெங்காயச் சவ்வு என்று பார்த்துவிட்டு அலமாரிக்குப் போன பொருள். முடிச்சைக் கீறி, உள்ளே இருந்ததை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், கேரட் வடிவத்தில், கண்ணாடிபோல, மெல்ல நெளிகிற பூச்சிகள். ஈரியோஃபைட் சிலந்தி, செடிகளில் வாழும் நுண்ணிய உண்ணி. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும், தேங்காயின் மேல் பழுப்பு வடு விழவைப்பது இதன் பங்காளிதான். சிலந்திக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றதும் மகள் எட்டுக் கால் தேடினாள். நாலுதான் இருந்தது. இந்த வகைக்கு மட்டும் அப்படித்தான் என்று நாங்கள் சொன்னதை நம்பாமல், இன்னும் நாலைந்து முடிச்சுகளைக் கீறி எண்ணிப் பார்த்தாள்.

இந்த ஒரு சாயங்காலத்துக்காகவே ஃபோல்ட்ஸ்கோப்பை வாங்கலாம் என்பேன். தனியாகக் கொடுத்தால் அது பொம்மையாக நின்றுவிடும், பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும் வீட்டில்தான் அதற்கு வேலை.

மகளுக்கு இப்போது டியூஷன் வந்துவிட்டது, வாரப் பதிவு தம்பி கைக்குப் போய்விட்டது. காலாண்டுத் தேர்வு, மழை விடுமுறை என்று வாரங்கள் விட்டுப்போகின்றன. போன வாரமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சேர்த்து நிரப்பப் பார்ப்பான். "நீ போய்ப் பாத்தியா?" என்று அக்கா கேட்டதும் அந்த வாரம் காலியாகவே இருந்துவிடும்.