வாடாமல்லிக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவில்: ஒரு ஜாக்கெட் தையல்காரி பார்த்த தட்சிணசித்ரா

மேற்கு மாம்பலத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். மூன்று மெஷின், கொக்கி ஊசியால் பூ வேலை போடும் ஆரிக்கு இரண்டு ஸ்டாண்ட், என்னோடு சேர்த்து நாலு பேர். முன்பெல்லாம் வருகிறவர்கள் சேலையைப் பிரித்து மடியில் போட்டு, "நீங்களே பாத்து ஏதாவது போட்டுடுங்கக்கா" என்பார்கள். இப்போது சேலை பைக்குள்ளேயே இருக்கும், போன்தான் முதலில் வெளியே வரும். "இதே மாதிரி." எந்த ஊர்க் கல்யாணப் பெண்ணோ, அவள் முதுகில் ஒரு மயில். அரக்குச் சேலையா, மயில் மயில்தான். வெங்காயச் சருகுக் கலரா, அதே மயில்தான். போன ஆனி மாசம் ஒரே வாரத்தில் அந்த மயிலை ஐந்து தடவை போட்டோம். ஐந்தாவதை முடித்தபோது எங்கள் கடையில் ஆரி போடும் பெண், "அக்கா, கண்ணை மூடிக்கிட்டே போட்டுடுவேன் போல" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடை காற்று வாங்கும். என் மகள்தான், "ஒரு நாள் பூட்டிட்டு தட்சிணசித்ரா போயிட்டு வாம்மா" என்று விரட்டினாள். கிளம்பினேன், செவ்வாய்க்கிழமை. அங்கே செவ்வாய்தான் வார விடுமுறை. கேட்டைப் பார்த்துவிட்டு, முட்டுக்காடு படகுத்துறைப் பக்கம் பஜ்ஜி தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். தப்பு என்னுடையது. இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, ஆரிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறினால் போதும்.

தெரியாதவர்களுக்கு: தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று நாலா பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, பத்து ஏக்கரில் மறுபடியும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1984-இல் ஆரம்பித்தது, இந்த இடம் திறந்தது 1996-இல். கட்டட வடிவமைப்பு லாரி பேக்கர். செங்கல், ஓடு, மரம், நிழல். என் மாதிரி ஆட்களுக்கு முதலில், "வீட்டைப் பார்த்து நான் என்ன பண்ண?" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேரளத்து வீடுகளில் நான் அதிகம் நிற்கவில்லை. அழகுதான், ஆனால் எல்லாம் மர நிறம். செட்டிநாட்டு வீட்டுக் கதவு நிலையில் இருந்த செதுக்கலை மட்டும் ஆரிப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டாள், கழுத்துக்கு ஆகுமாம்.

நெசவாளர் வீடுகளுக்கு வந்தபோதுதான் கால் நின்றது. நல்கொண்டா பக்கத்து இக்கத் நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. இக்கத் ஜாக்கெட் துணி எவ்வளவோ வெட்டியிருக்கிறேன், உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். இதில் துணி நெய்த பிறகு டிசைன் வருவதில்லை. நெய்வதற்கு முன்பே நூலை அங்கங்கே இறுக்கிக் கட்டி சாயத்தில் முக்குகிறார்கள், கட்டின இடத்தில் சாயம் ஏறாது. அப்புறம் அந்த நூலைத் தறியில் ஏற்றும்போது மயிரிழை அங்கே இங்கே நகரும். அதனால் சிவப்பு முடிந்து கறுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் கோடு கிடையாது. சிவப்பு நூல் நாலு கறுப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், கறுப்பு இரண்டு சிவப்புக்குள் வந்திருக்கும், கோழி இறகின் ஓரம் மாதிரி. நாங்கள் ஆரியில் ஒவ்வொரு பூவுக்கும் சுற்றி ஜரிகையில் அவுட்லைன் போட்டு இறுக்கிவிடுகிறோம். கலரோடு கலர் தொடவே விடுவதில்லை.

கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டிலும் நேரம் போனது தெரியவில்லை. இல்கல் சேலைக்கு உடல் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வேறு, முந்திப் பாவு வேறு. இரண்டையும் வளையம் வளையமாகக் கோத்துத்தான் தறியில் சேர்ப்பார்கள். அந்தச் சேலைகளில் போடும் கசூதித் தையலைப் பற்றி, தார்வாடில் பிறந்த என் வாடிக்கையாளர் ஒருவர் முன்னமே காட்டிக் கொடுத்திருக்கிறார். முடிச்சு போடக் கூடாது, துணியின் இழையை எண்ணி எண்ணிப் போட வேண்டும். குறுக்குத் தையலுக்கு அவர்கள் வைத்த பேர் மெந்தெ, வெந்தயம். என்ன பொருத்தமான பேர்! அவர்கள் அடுப்பங்கரையிலிருந்து தையலுக்குப் பேர் எடுத்திருக்கிறார்கள், நாம் அங்கிருந்து கலருக்கு எடுக்கிறோம்: வெங்காயச் சருகு, காப்பிக்கொட்டை, மாம்பழ மஞ்சள். (எம்.எஸ். ப்ளூ மட்டும் கச்சேரி மேடையிலிருந்து வந்தது.) திரும்பி வரும் வழியெல்லாம் நானும் அவளும் இதையேதான் பேசிக்கொண்டு வந்தோம்.

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டில் எனக்குப் புதுசாக ஒன்றும் இல்லை என்று நினைத்தேன், தினம் கையில் புரளுகிற சேலைதானே. ஆனால் கோர்வை பார்டரை ஆரிப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்லும்போது எனக்கே உறைத்தது. உடலும் பார்டரும் வேறு வேறு கலர் என்றால், கைத்தறியில் குறுக்கு நூலைக் கொண்டு போகும் நாடா மூன்று ஓட வேண்டும், ஒரு பக்கத்துக்கு இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒரு கலரை இன்னொன்றின் பக்கத்தில் சுத்தமாக நிறுத்தத்தான் அத்தனை மெனக்கெடல்.

இத்தனைக்கும் எனக்கு வேலைக்கு ஆனது ஓர் ஓலைப் பெட்டி. கைவினைக் கடைகள் இருக்கும் பக்கம் ஒரு அம்மா பனை ஓலை முடைந்துகொண்டிருந்தார். உள்ளங்கை அகலப் பெட்டி, மூடியோடு. வாடாமல்லிச் சாயம் ஏற்றிய ஓலை, கிளிப்பச்சை ஓலை. இரண்டையும் ஒன்றாகச் சொன்னாலே கண் கூசும். ஆனால் பெட்டியைப் பார்த்தால் கூசவில்லை. ஏன் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாடாமல்லிக்கும் பச்சைக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் சாயம் போடாத ஓலை ஒன்று ஓடுகிறது, வைக்கோல் வெள்ளையில், அரை விரல் அகலத்துக்கு. "நடுவுல அது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "அது இல்லன்னா ரெண்டும் சண்டை போடும்" என்றார், கை நிற்காமல்.

எனக்கு அது தெரியாததா? தெரிந்தும் விட்டுவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அரக்குக் கலர் சில்க் த்ரெட் வாங்கி, சந்தனக் கலர் ஜாக்கெட்டில் கை நிறையப் பூ போட்டுக் கொடுத்தேன். சாயம் நிற்கும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன கடை. முதல் அலசலிலேயே ஊறி, கை முழுக்க வெற்றிலை துப்பின மாதிரி ஆகிவிட்டது. துணிக்கும் கூலிக்கும் பணம் நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து அழுத்தமான கலர் பக்கத்தில் வெளுப்பை வைக்கவே பயம். எல்லா இடத்தையும் ஜரிகையால் நிரப்பிவிடுவேன், தங்கம் எதையும் மறைக்கும் இல்லையா? அந்த மயில் எங்கள் கடைக்குள் அவ்வளவு சுலபமாக வந்ததற்கு அதுவும் காரணம்.

இப்போது எந்தக் கட்டு நூல் வந்தாலும் ஒரு முழம் எடுத்து வெந்நீரில் நனைத்து, வெள்ளைக் காடாத் துணியில் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்துவிடுகிறோம். கறை தெரிந்தால் கட்டு முழுக்கக் கடைக்குத் திரும்பிப் போகும். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த ஒரு வாடாமல்லிப் பட்டுக்குக் கிளிப்பச்சையில் வெந்தயத் தையல், நடுவே ஒரு விரற்கடை வெறும் துணி விட்டுக் கொடுத்தேன். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அந்தப் பெண்ணின் அம்மா, "இங்க வேலை பாக்கியா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போட்டுப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லாமல் மீதிப் பணத்தை எண்ணி வைத்தார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு செருப்பைக் கழற்ற வசதியாக, வார் இல்லாததாகப் போடுங்கள். அரை நாளில் சுற்றி முடிக்கலாம் என்பார்கள், நெசவாளர் வீடுகளுக்கு மட்டுமே எனக்கு அரை நாள் ஆனது. அய்யனார் கோயில் மண் குதிரைகளைக் கடைசியாக வைத்துக்கொண்டால் வெயில் தாழ்ந்திருக்கும். கைவினை செய்கிறவர்கள் மாறி மாறி வருவதால் நான் பார்த்த அம்மா உங்களுக்குக் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

பெட்டியில் இப்போது பாபின்கள் போட்டு வைத்திருக்கிறேன், மூடி மூட மாட்டேன் என்கிறது. தீபாவளி ஜாக்கெட் எல்லாம் கொடுத்து முடித்ததும் இன்னொன்று வாங்கப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை இல்லாமல்.