மாலைக் காபிக்கு எது இடம்: திண்ணையா, வளவா?

செட்டிநாட்டு வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே கூட வந்து உட்காரும். "என்ன ஆச்சி, வெள்ளைப் பணியாரமா?" என்றபடி ஒருவர் ஏறுவார், வரமிளகாய்த் துவையலோடு தட்டு அவர் பக்கம் நகரும். காரைக்குடிச் சந்தை விலையில் தொடங்கும் பேச்சு, யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதில் போய் நிற்கும். (ரகசியம் காப்பவர்கள் திண்ணையைத் தவிர்ப்பது நல்லது.)

வளவு, அதாவது வீட்டுக்குள்ளே முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும், வேறு மாதிரி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சித்திரையிலும் காலுக்குச் சில்லென்றிருக்கும். முற்றத்தில் வற்றல் காயும், ஓரத்தில் பல்லாங்குழி நடக்கும். மழை வந்தால் நாலு பக்க ஓட்டுநீரும் உள்ளேயே கொட்டும். அண்டாவை வைத்துப் பிடிக்கலாம்.

மதியத்துக்கு வளவுதான். ஐந்து மணிக்கு மேல் என் ஓட்டு திண்ணைக்கு. வளவில் பணியாரம் மிஞ்சிப்போகிறது.