காரின் எடையைக் குறைக்கிறோம் என்று சொல்லி கிராஷ் பீமைக் கழற்றிவிட்டார்கள்

வார இறுதியில் ஆசை தீர ஓட்டுவதற்கென்று ஒரு ஸ்போர்ட்டி கார் வைத்திருக்கிறீர்களா? அதன் எடையைக் குறைக்க ஒர்க்‌ஷாப்பில் விடும் யோசனை இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் விட்டேன். 90 கிலோ குறைத்துவிட்டதாக எடைச் சீட்டோடு காரைத் திருப்பித் தந்தார்கள். அந்த 90 கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் பெட்ரோல். இன்னொரு பகுதி கிராஷ் பீம்: முன்பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓடும், முன்பக்கம் மோதினால் உயிரைக் காப்பாற்ற வேண்டிய இரும்பு. அதைக் கழற்றியதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எடைக் குறைப்பு வீண் ஆசை இல்லை. 1,200 கிலோ காரில் 150 குதிரைத்திறன் இன்ஜின் இருக்கிறது என்று வையுங்கள். 60 கிலோ குறைத்தால், இன்ஜினுக்கு 8 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். ஆனால் இன்ஜினில் சக்தியைக் கூட்டினால் பிரேக்குக்கும் டயருக்கும் பாரம்தான் ஏறும். எடையைக் குறைத்தால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும், வளைவில் கார் சொன்னபடி திரும்பும், டயரும் நாள்பட உழைக்கும். 1996இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் வெறும் 118 குதிரைத்திறன்தான். காரின் எடை சுமார் 725 கிலோ. இன்றைக்கும் அதை ஓட்டியவர்கள் கண் விரியப் பேசுவதற்குக் காரணம் அந்த எடைதான். அந்த ருசியில் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்றுதான் போனேன்.

அவர்கள் கொடுத்த பட்டியலில் கார்பன் ஃபைபர் பானட், இரண்டு பக்கெட் சீட் (உடலை இறுக்கிப் பிடிக்கும் ரேஸ் வகை சீட்), லித்தியம் பேட்டரி, "இதர தேவையற்ற பாகங்கள்" என்று நான்கு வரிகள் இருந்தன. அந்த நாலாவது வரி என்ன என்று கேட்டேன். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் உள்ள விரிப்பு என்றார் முதலாளி. சரி என்றேன்.

வேலைக்கு முன் எடை 1,210, வேலை முடிந்த பிறகு 1,120. இரண்டுக்கும் சீட்டு இருந்தது, இரண்டும் உண்மையான சீட்டுதான். ஆனால் நான் காரை விட்டபோது 50 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தது. திரும்பக் கைக்கு வந்தபோது ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. 43 லிட்டர் காலியானால் 32 கிலோ போய்விடும். அதோடு, லாரிகளுக்கான எடை மேடை பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோ படிகளில்தான் காட்டும். பானட்டில் குறைந்த ஓரிரண்டு கிலோவை அதில் பிடிக்கவே முடியாது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக வைக்கும் தராசு இல்லாத ஒர்க்‌ஷாப் எடைக் குறைப்பு என்று போர்டு போட்டால், அங்கேயே நின்று யோசியுங்கள்.

பெட்ரோல் விஷயத்தோடு நின்றிருந்தால் இந்தப் பதிவு எழுதியிருக்க மாட்டேன்.

ரேஸ் டிராக்கில் நம் சொந்தக் காரை ஓட்ட விடும் ஒரு டிராக் டேவுக்குப் போயிருந்தேன். வண்டி மணலில் சிக்கினால் இழுப்பதற்காக, முன்பம்பரில் கொக்கி மாட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பம்பரில் இருக்கும் சின்ன சதுர மூடியை நெம்பி எடுத்து, கொக்கியை உள்ளே விட்டுத் திருகினேன். பிடிக்கவில்லை. இன்னும் உள்ளே தள்ளினேன், கை மணிக்கட்டு வரை போயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தால் நேராக ரேடியேட்டர் தெரிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. பல கார்களில் அந்தக் கொக்கி திருகப்படும் மரை, பம்பர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் குறுக்கே ஓடும் கிராஷ் பீமில்தான் இருக்கும். என் காரிலும் அப்படித்தான். பீம் இல்லை, அதனால் மரையும் இல்லை.

அன்று டிராக்கில் இறங்காமல், வண்டியை ஏற்றிக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பம்பரைக் கழற்றியதும், இரண்டு பக்கமும் பீமைப் பிடித்திருந்த போல்ட் துளைகள் காலியாக இருந்தன. ஸ்பானர் பட்டு பெயிண்ட் உரிந்த தடம்கூடப் புதிதாக இருந்தது. அந்தப் பீமின் எடை வெறும் 6 கிலோ. 6 கிலோவுக்காக.

ஒரு மூலையில் மட்டும் இடித்தாலும், அந்த அடியை முன்பக்கத்தின் இரண்டு சட்டங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது கிராஷ் பீமின் வேலை. அது இல்லாவிட்டால் அடி முழுவதும் ஒரே பக்கத்தில் இறங்கும். ஏர்பேக் எந்தக் கணத்தில் விரிய வேண்டும் என்ற கணக்கும், முன்பகுதி எப்படி நசுங்கும் என்பதை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. முன்பகுதி மாறினால் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகலாம். என் பக்கத்து சீட்டில் என் தங்கை உட்கார்ந்து வந்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

எடை குறைத்துத் தந்த அந்த முதலாளிக்குப் போன் செய்து கேட்டேன். "சார், எடை குறையணும்னு நீங்கதானே சொன்னீங்க? ரேஸ் கார்ல இதெல்லாம் இருக்காது" என்றார். ரேஸ் காரில் ஓட்டுநரைச் சுற்றி ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கும், பல முனை பெல்ட் இருக்கும், ஹெல்மெட்டும் கழுத்தைக் காக்கும் பட்டையும் இருக்கும். சாதாரணச் சாலையில் நம்மை யார் எங்கிருந்து இடிப்பார்கள் என்று தெரியாது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

ஒன்று இப்படி என்றால் மற்றதையும் பார்த்துவிடலாம் என்று அந்த மெக்கானிக் சீட்டுக்கு அடியில் கை விட்டார். பழைய சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தது. சீட்டை மாற்றினால் அது போய்விடும், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும். என் காரில் எரியவில்லை. அதனால் எல்லாம் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள் என்றே எவரும் நினைப்பார்கள். சீட் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் பிளக்கை வெளியே இழுத்தால், அதன் வாயில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஏர்பேக் இருப்பதாகக் கணினியை நம்ப வைக்கும் வேலை அது. விளக்கு எரிந்திருந்தால் நான் அன்றைக்கே கேட்டிருப்பேன். கேட்கக்கூடாது என்பதற்காகவே செய்தது.

பானட்டைக் கழற்றி லக்கேஜ் தராசில் தொங்கவிட்டோம். 7 கிலோ என்று சொன்னது 13 கிலோ காட்டியது. பழைய இரும்பு பானட் 15. ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே வெள்ளை நார். கண்ணாடியிழையின் மேல் ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி ஒட்டி வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். பேட்டரி மட்டும் சொன்னபடி இருந்தது: 15 கிலோ போய் 4 கிலோ. சீட் இரண்டும் சேர்ந்து 20 கிலோ குறைத்திருக்கின்றன.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெட்ரோல் 32, நானே வீட்டில் இறக்கி வைத்திருக்கக்கூடிய ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் 18, கிராஷ் பீம் 6. உண்மையான வேலை என்று மிஞ்சுவது சுமார் 34 கிலோ. அதிலும் சீட்டின் 20 கிலோவுக்கு விலை, பக்கவாட்டு ஏர்பேக்.

நீங்கள் இந்த வேலைக்கு எங்கே விட்டாலும் சரி, இரண்டு எடையும் ஒரே அளவு பெட்ரோலில், ஒரே தராசில், உங்கள் கண் முன்னால் எடுக்கப்பட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டு, பெயர் எழுதி, உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். என் பீமைக் கேட்டபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பாகங்கள் திரும்பி வரும் என்ற நிபந்தனை இருந்தால், எதைக் கழற்றினார்கள் என்று மறைக்கவே முடியாது. "இதர" என்ற சொல் எஸ்டிமேட்டில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. முன்னால் இன்ஜின் உள்ள காரில் ஸ்டெப்னி, பின் சீட் என்று பின்பக்கத்தையே காலி செய்துகொண்டு போனால் பின் சக்கரங்களின் பிடி குறையும், அவசர பிரேக்கில் வால் ஆடும். எடை குறைத்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். இதையும் அவர்கள் செய்யவில்லை. ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உடைந்தால் கத்தி மாதிரி துண்டாகும். செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் ஊர் விதியில் எது செல்லும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் புதிய கிராஷ் பீம் வாங்கிப் போட்டுவிட்டேன். ஏர்பேக் உள்ள பழைய சீட்டுகள் நல்லவேளையாக வீட்டில் இருந்தன, அவை திரும்ப ஏறிவிட்டன. பானட் பணத்தையும் பீமின் விலையையும் கேட்டு, புகைப்படங்களோடு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இதற்கிடையில், எடைக் குறைப்புக்கு எங்காவது கார் விட்டு எடுத்தவர்கள், அடுத்த முறை சாவியைத் திருகுவதற்கு முன் முன்பம்பரின் அந்தச் சின்ன மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.